கடலில்லாக் கரைகளில் சில நாள்கள்

விடுமுறைக்கு இடம் தேடும்போது நம் கண்ணில் அடிக்கடி படும் சொற்கள் மூன்று: தனிமை, சொகுசு, சூழலுக்கு இசைவு. ஆரவாரமற்ற கடற்கரை, ஓலை வேய்ந்த குடில், வாசலைத் தொடும் அலை ஆகியவற்றைப் படம்பிடித்துக் காட்டி, இம்மூன்றையும் ஒருசேரத் தருவதாகக் கூறும் விடுதிகள் கேரளக் கரையோரத்தில் பல உள்ளன. அவற்றுள் சொன்ன சொல்லைக் காப்பவையும் உண்டு. சொல்லை மட்டுமே விற்பவையும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது எப்படி? கட்டணம் செலுத்தும் நாம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது.

அதற்கு விடை தேடி நாம் இம்முறை செல்லவிருப்பது கடலை நோக்கி அன்று, மலையை நோக்கி. பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டும் கடற்கரையே இல்லாத மாவட்டங்கள். ஆயினும் தமிழக எல்லையை ஒட்டிய அவற்றின் காடுகளில் நீரும் கரையும் உண்டு, தீவும் உண்டு. மாலை மங்கியதும் உலகத்தின் ஓசைகள் அடங்கிவிடும் தனிமையும் உண்டு. தங்குவோர் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தெளிவாகக் காணவும் அங்கே முடிகிறது.

இடிக்கப்பட்ட ஒரு சொகுசு

மலை ஏறுமுன் சமவெளியில் நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்வது பயன்தரும். ஆலப்புழை மாவட்டத்துப் பாணாவள்ளியை அடுத்து, வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்றொரு சிறு தீவு உள்ளது. அங்கே 54 வில்லாக்கள் கொண்ட சொகுசு விடுதி ஒன்று எழுந்தது. சுற்றிலும் நீர், நடுவே அமைதி என, விளம்பரத்துக்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. ஆனால் அக்காயலில் வலை கட்டிப் பிழைத்த மீனவக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டது; விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மீறப்பட்டுள்ளன என்று கண்ட கேரள உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு விடுதியை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 2022 செப்டம்பரில் இடிப்புப் பணி தொடங்கியது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. தனிமையான இடம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வேறொருவருடைய வாழ்விடமாகவே இருக்கிறது. அவர்களுக்கு அங்கே என்ன இடம் தரப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே ஒரு விடுதியின் ‘இசைவை’ அளக்க வேண்டும்.

பரம்பிக்குளம்: தமிழகம் வழியாகச் செல்லும் கேரளம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே எழுந்து நிற்பது ஆனைமலைத் தொடர். அதன் தமிழகப் பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதற்கு மேற்கே, பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில் அமைந்திருப்பது பரம்பிக்குளம். 2010ஆம் ஆண்டு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இதன் மொத்தப் பரப்பு சுமார் 643 சதுர கிலோமீட்டர். இது கேரளத்துக்குச் சொந்தமான காடு. ஆனால் இங்கு வாகனத்தில் வருவோர் தமிழகத்துக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே ஆனப்பாடி சோதனைச் சாவடியை அடைய வேண்டும். ஆனப்பாடிக்கு மேல் வழிகாட்டியின்றி எந்த வண்டியும் செல்ல இயலாது. அவ்வழிகாட்டி பெரும்பாலும் அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் இங்கே வாழ்கின்றனர். அவர்களுடைய காட்டுக்குள் வெளியுலகம் வந்த வரலாறு மென்மையானதன்று. தேக்கு மரங்களை வெட்டிக் கொண்டுசெல்வதற்காகக் கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு டிராம் பாதை அமைத்தது. 1907 முதல் பல ஆண்டுகள் அது இயங்கியது. அப்பாதை வழியே இறங்கிய தேக்கு கொச்சித் துறைமுகம் வரை சென்றது. அக்கோடரிகளுக்குத் தப்பி இன்றும் தூணக்கடவு அருகே நிற்பது ‘கன்னிமரா’ தேக்கு. 450 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையது எனக் கணிக்கப்படும் இம்மரம், இந்திய அரசின் மகாவிருட்ச விருதையும் பெற்றது. வெட்ட முயன்றபோது மரத்திலிருந்து குருதி பெருகியது என்றும், அதனால் மக்கள் அதனைத் தெய்வமாக வழிபடத் தொடங்கினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

அடுத்து வந்தவை அணைகள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றைப் பராமரித்து இயக்குவது தமிழக அரசு. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்கான இரு மாநில ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டு கையெழுத்தாகி, 1958ஆம் ஆண்டு முதல் செல்லுபடியாகும் என ஏற்கப்பட்டது. பரம்பிக்குளம் நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 72 அடி, கொள்ளளவு 17.82 டி.எம்.சி. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் தென்னந்தோப்பையும் வயலையும் நனைக்கும் நீரின் ஒரு பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. அந்நீர் தேங்கிய பள்ளத்தாக்கில் காடும் மூழ்கியது. காடர்களின் வாழ்விடங்களும் மூழ்கின.

வீட்டிக்குன்றில் ஓர் இரவு

அந்நீர்த்தேக்கத்தின் நடுவே எஞ்சி நிற்கும் மேட்டுநிலங்களுள் ஒன்று வீட்டிக்குன்று. மலையாளத்தில் ‘வீட்டி’ என்பது நாம் ஈட்டி என்றழைக்கும் மரம். கேரள வனத்துறை இங்கே விருந்தினர் தங்க ஓர் இல்லம் வைத்துள்ளது. ஒரு சிறு குழு மட்டுமே ஒரு நேரத்தில் தங்கலாம். நீர்வழியேதான் செல்ல வேண்டும்; உடன் பழங்குடி வழிகாட்டிகள் வருவார்கள். கடைத்தெருவோ உணவகமோ எட்டும் தொலைவில் இல்லை. கைபேசி அலையை நம்பி இருப்பதற்கில்லை.

கடற்கரை விடுதியின் தனிமையை விரும்புவோருக்கு இதைவிடத் தனித்த கரை எளிதில் கிட்டாது. ஆனால் இக்கரைக்கு ஒரு விதி உண்டு: நீரில் இறங்கக் கூடாது. இங்கே சதுப்புநில முதலைகள் வாழ்கின்றன. கரையில் யானையும் காட்டெருமையும் நீர் அருந்த வரும். நாம் பார்க்கலாம், அவற்றின் வழியில் நிற்கலாகாது. இருட்டியபின் வெளியே உலவவும் முடியாது. நட்சத்திர விடுதிகளில் விருந்தினரின் விருப்பம் ஒன்றே விதி. இங்கே காட்டின் நேரத்துக்கு நாம் பணிகிறோம். அதுவே இவ்விடத்தின் சொகுசு என்று உணர ஓர் இரவு போதுமானது.

தீவில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஆனப்பாடியில் கூடாரக் குடில்களும், தூணக்கடவிலும் பரம்பிக்குளத்திலும் மரத்தின்மேல் அமைந்த குடில்களும் உண்டு. மூங்கில் தெப்பத்தில் நீர்த்தேக்கத்தில் உலா வரலாம். தெப்பம் செலுத்துவோர், வழிகாட்டுவோர் எனப் பல பணிகளில் உள்ளூர் மக்கள் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் வழியாக அமர்த்தப்படுகின்றனர். ஆனப்பாடியில் தேன் முதலிய காட்டுப் பொருள்களும் விற்கப்படுகின்றன.

நமக்குத் தனிமை, அவர்களுக்குத் தொலைவு

இக்காட்டின் மறுபக்கத்தையும் நாம் அறிய வேண்டும். பரம்பிக்குளத்தில் வசிப்போர் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். தங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வண்டியில் செல்லவேண்டுமெனில் மாநில எல்லையைக் கடந்து, தமிழகத்தைச் சுற்றி, மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மகப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் அதே சுற்றுவழிதான். 2020ஆம் ஆண்டு இங்குள்ள தேக்கடிக் குடியிருப்பைச் சேர்ந்த பழங்குடி மக்கள் (இடுக்கியிலுள்ள புகழ்பெற்ற தேக்கடி வேறு) செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுப்பாதை வெட்டத் தொடங்கியது கேரளமெங்கும் பேசப்பட்டது.

சாலை வந்தால் காடு துண்டுபடும் என்பது ஒரு பக்கத்து உண்மை. சாலையின்றி ஒரு நோயாளியைச் சுமந்து செல்வது மறுபக்கத்து உண்மை. இரு நாள் தங்கி மீளும் நாம் இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல உரிமையுடையோர் அல்லோம். ஆனால் நாம் விலைகொடுத்துப் பெறும் தனிமைக்கு அங்கே நிரந்தரமாக வாழ்வோரும் ஒரு விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிந்து செல்லலாம். அவ்வாறெனில், அத்தனிமையால் கிடைக்கும் வருவாயில் அவர்களுக்குப் பங்கு இருப்பது சலுகை ஆகாது, நியாயமே ஆகும்.

சின்னாறு: மழை மறைவில் ஒரு காடு

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மறுகோடியில், உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலையில் இருக்கிறது சின்னாறு. இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இது 1984ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 90 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கேரளம் என்றால் ஓயாத மழை என்று எண்ணிச் செல்வோரை இது வியப்பில் ஆழ்த்தும். மேற்குத் தொடரின் மழை மறைவில் இருப்பதால் ஆண்டுக்குச் சுமார் 50 நாள்களே இங்கு மழை; அளவு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். முட்புதரும் கள்ளியும் நிறைந்த வறண்ட காட்டின் நடுவே ஆற்றோரம் மட்டும் மருதமரங்கள் பச்சை கட்டி நிற்கும். நட்சத்திர ஆமையும், சாம்பல் நிற அணிலும் இங்கு வாழும் அரிய உயிர்கள்.

பாம்பாறும் சின்னாறும் கூடிக் கிழக்கே இறங்கி, அமராவதியாகி, காவிரியில் கலக்கின்றன. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்றே ஆறுகளுள் பாம்பாறு ஒன்று. மற்றவை கபினியும் பவானியும். எனவே சின்னாற்றுக் கரையில் நாம் ஒரு நெகிழிப் புட்டியை எறிந்தால் அது ஒருநாள் அமராவதி அணைக்கு, அதாவது நம் வீட்டு வாசலுக்கே, வந்து சேரக்கூடும்.

காட்டுக்குள் வனத்துறையின் சிறு மரவீடுகள் உள்ளன. உள்ளே நடந்துதான் செல்ல வேண்டும். துணைக்குப் பழங்குடி வழிகாட்டிகள் உண்டு. தூவானம் அருவிக்குச் செல்லும் நடையும் அவ்வாறே. இங்குள்ள குடிகளில் முதுவர்களும் மலைப்புலையர்களும் வாழ்கின்றனர். முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியபோது தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்பது அம்மக்களின் வழிவழி நம்பிக்கை. அவர்கள் பேச்சைத் தமிழர் எளிதில் பின்தொடரலாம். தாயண்ணன்குடியில் வழக்கொழியவிருந்த கேழ்வரகு முதலிய சிறுதானிய வகைகளை மீண்டும் பயிரிடும் முயற்சி நடைபெற்று வருகிறது. அருகிலுள்ள மறையூரின் வெல்லம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. நினைவுப் பொருள் வாங்க விரும்புவோருக்கு, தொலைதூரத் தொழிற்சாலையிலிருந்து வந்த பொம்மையைவிட இவ்வெல்லம் சிறந்தது. பணம் அவ்வூரிலேயே தங்கும்.

பெரியாறு: பட்டை உரித்த கைகள்

இதே மாவட்டத்தின் தெற்கே, கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் வருவது பெரியாறு புலிகள் காப்பகம். 1895ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதால் உருவான ஏரியே இதன் இதயம். ஏரிக்கரையில் இடப்பாளையத்தில் திருவிதாங்கூர் மன்னரின் ஓய்வு மாளிகை ஒன்று உண்டு. இன்று அது கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி. ஒரு சில அறைகளே கொண்ட அவ்விடத்துக்கு ஏரியில் படகேறிச் செல்ல வேண்டும். சொகுசும் தனிமையும் நாடுவோர் அதை விரும்புவர்.

ஆயினும் பெரியாற்றின் தனிச்சிறப்பு அம்மாளிகை அன்று. ஒரு காலத்தில் இக்காட்டில் ‘வயணா’ எனப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்போர் பலர் இருந்தனர். வழக்குகளும் கடனும் அவர்களைத் துரத்தின. 1996ஆம் ஆண்டு உலக வங்கி உதவியுடன் தொடங்கிய இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை அவர்களுடன் பேசியது. காட்டை அவர்களைப்போல் அறிந்தோர் எவருமில்லை; அவ்வறிவையே பிழைப்பாக்கலாம் என்பது யோசனை. அவர்களும் ஒரு குழுவாக அமைந்து, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று கூடாரத்தில் தங்கவைக்கும் பணியை ஏற்றனர். அந்நடையே காவல் ரோந்தும் ஆயிற்று. பட்டை உரித்த கைகள் மரங்களைக் காக்கத் தொடங்கின. அதன்பின் ‘வசந்தசேனா’ என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் ஊதியமின்றிக் காட்டுக் காவலுக்குச் செல்லும் வழக்கமும் உருவாயிற்று.

கட்டணத்தின் பயணம்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு ஒரு தொகை எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குச் செல்கிறது என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அதை விடுமுறைச் செலவுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பொதுவாக அரசுக்குச் செலுத்தும் கட்டணம் கருவூலம் சென்று, வரவு செலவுத் திட்டத்தின் வழியே என்றோ திரும்பி வரும். அதற்கு மாற்றாக 2004ஆம் ஆண்டு பெரியாறு அறக்கட்டளை தோன்றியது. பயணிகளிடம் திரட்டும் தொகையின் ஒரு பகுதி அக்காட்டின் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த மக்களின் நலனுக்கும் அங்கேயே செலவிடப்பட அது வழிசெய்தது. 2006ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இத்தகைய பாதுகாப்பு அறக்கட்டளை வேண்டும் என்பது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. பரம்பிக்குளத்திலும் அவ்வாறே ஓர் அறக்கட்டளை உள்ளது.

மற்றொரு திருப்பம் 2012இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. புதிய வழிகாட்டு நெறிகள் வெளியானபின் அக்டோபரில் தடை நீங்கியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தக் கூடாது, புதிய நிலையான சுற்றுலாக் கட்டடங்கள் கூடாது என்பன அந்நெறிகளுள் முக்கியமானவை. படுக்கைகள் குறைவாக இருப்பதும், வண்டிகளுக்கு வரம்பு இருப்பதும், மாலைக்குப்பின் வாயில் அடைபடுவதும் நிர்வாகக் குறைபாடு என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். உண்மையில் நாம் விலைகொடுத்து வாங்கும் அமைதியை உண்டாக்குவதே அவ்வரம்புகள்தாம்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

கடற்கரையோ மலையோ, ‘சூழல் இசைவு’ என்று விளம்பரம் செய்யும் எவ்விடத்துக்கும் நான்கு கேள்விகள் போதும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பயன்படுத்திய நீரும் குப்பையும் எங்கே போகின்றன? கட்டடம் உரிய அனுமதிகளுடன், கரையிலிருந்து விலக வேண்டிய அளவு விலகி நிற்கிறதா? பணியாற்றுவோரில் உள்ளூர் மக்கள் எத்தனை பேர், எப்பொறுப்புகளில் உள்ளனர்? செலுத்தும் தொகையில் எவ்வளவு அவ்வூரிலேயே தங்குகிறது? நேர்மையான விடுதி இவற்றுக்குத் தயக்கமின்றி விடையளிக்கும். துண்டுகளை மறுமுறை பயன்படுத்துமாறு கேட்கும் அட்டை ஒன்றை மட்டும் நீட்டும் விடுதி, தன் சலவைச் செலவையே மிச்சப்படுத்துகிறது.

மலைப் பகுதிக்கென்று சில குறிப்புகள்: வனத்துறை தங்குமிடங்களை அத்துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ அலுவலகத்திலோ மட்டுமே பதிவுசெய்க. தேடுபொறியில் முதலில் வரும் தளம் உரிய தளமாகத்தான் இருக்கும் என்பதில்லை. தனிநபர் பெயரிலுள்ள கணக்குக்கு முன்பணம் கேட்டால் அனுப்ப வேண்டா. மழை, காட்டுத் தீ, விலங்குக் கணக்கெடுப்பு ஆகிய காரணங்களால் காடு திடீரென மூடப்படலாம். பணம் திரும்பப் பெறும் விதிகளை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்க. அலை எட்டாத இடத்தில் யுபிஐ இயங்காது. ஆதலின் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ குமுளியிலோ தேவையான ரொக்கத்தை எடுத்துக்கொள்க. தேனும் வெல்லமும் வாங்கச் சில்லறை நோட்டுகள் உதவும். நெகிழிப் பைகளைத் தவிர்த்து, எடுத்துச் சென்ற குப்பையை ஊருக்கே திரும்பக் கொண்டுவருக.

இத்தங்குமிடங்கள் எண்ணிக்கையில் குறைவு. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. அதற்காக அங்கே இன்னும் பத்துக் கட்டடங்கள் எழவேண்டும் என்று விரும்பாமல், நம் முறை வரும்வரை காத்திருப்பதே அக்காட்டுக்கும் அதன் மக்களுக்கும் நாம் செய்யக்கூடிய முதல் நன்மை.